கரை சொல்லும் செய்தி

2024ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பெங்களூரு நகரில் ஒரு நிகழ்வு நடந்தது. முதிய உழவர் ஒருவர் தம் மகனுடன் திரைப்படம் காண வணிக வளாகம் ஒன்றுக்குச் சென்றார். அவர் வெள்ளைச் சட்டையும், கன்னட மக்கள் பஞ்செ என வழங்கும் வெள்ளை வேட்டியும் அணிந்திருந்தார். நுழைவுச்சீட்டும் வாங்கப்பட்டிருந்தது. எனினும், வாயிலில் நின்ற காவலர் அவரை உள்ளே விடவில்லை. காற்சட்டை அணிந்து வருமாறு கூறினார். செய்தி பரவியதும் நகரில் எதிர்ப்பு எழுந்தது. கருநாடக அரசு அவ்வளாகத்தை ஏழு நாள்கள் மூடுமாறு ஆணையிட்டது.

இதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்னர், 2014 ஜூலையில், சென்னையிலும் இத்தகைய நிகழ்வு நடந்தது. நூல் வெளியீட்டு விழாவுக்கு வந்த உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன், வேட்டி அணிந்திருந்த காரணத்தால் மன்றம் ஒன்றின் வாயிலில் தடுக்கப்பட்டார். அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. வேட்டி முதலான இந்திய மரபுடை அணிந்தோரைப் பொதுவிடங்களில் நுழையவிடாது தடுப்போர்க்கு ஓராண்டு வரை சிறையும், 25,000 ரூபாய் வரை தண்டமும் விதிக்க அச்சட்டம் வழிசெய்தது.

உழவரும் நீதிபதியும் தத்தம் ஊரில் மதிப்புக்குரிய உடையையே அணிந்திருந்தனர். அவ்வுடை உணர்த்தும் மதிப்பைக் கதவைக் காத்தவர் அறியவில்லை. உடைக்கும் ஒரு மொழி உண்டு. அம்மொழியை அறிந்தால்தான் விழாவுக்கு ஏற்ற உடையைத் தேர்ந்தெடுக்க இயலும்.

தடையை வென்ற கட்டத்துணி

இடுப்பில் சுற்றும் உடைக்குத் தடை விதிக்கப்பட்டது இந்நாட்டில் மட்டுமன்று. ஸ்காட்லாந்தின் மலைநாட்டு ஆடவர் கில்ட் என்னும் உடையை அணிவர். அது முழங்கால் வரை நீளும் கம்பளி உடை. முன்புறம் தட்டையாகவும், பின்புறம் புடவைக் கொசுவம்போல் நெருங்கிய மடிப்புகளுடனும் அமைந்திருக்கும். முழு அளவிலான ஒரு கில்ட்டுக்கு ஏறத்தாழ எட்டுக் கெஜத் துணி தேவைப்படும். ஒரு கெஜம் என்பது இரண்டு முழம். ஆகவே அத்துணியின் நீளம் எட்டுமுழ வேட்டியைப்போல் இரு மடங்காகும்.

மலைநாட்டவர் பலர் 1745இல் பிரிட்டிஷ் மன்னருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். அடுத்த ஆண்டில் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. அதன்பின் இயற்றப்பட்ட சட்டம், மலைநாட்டு ஆடவரும் சிறுவரும் தம் மரபுடையை அணியக்கூடாது என்றது. மீறியோர்க்கு ஆறு மாதச் சிறை. மீண்டும் மீறியோர்க்குக் கடல்கடந்து ஏழாண்டு நாடுகடத்தல். மன்னரின் படையில் பணியாற்றியோர்க்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. 1782இல் அத்தடை நீங்கியது. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ நகருக்கு வந்தபோது தாமே கில்ட் அணிந்து தோன்றினார். தண்டனைக்குரியதாக இருந்த உடை, எழுபத்தாறு ஆண்டுகளில் அரசவை உடையாக உயர்ந்தது.

ஸ்காட்லாந்து மக்களுக்குப் பெங்களூருவுடன் பழந்தொடர்பு உண்டு. கப்பன் சாலையில் உள்ள புனித ஆண்ட்ரூ தேவாலயம், இங்கு வாழ்ந்த ஸ்காட்லாந்துப் படைவீரரும் பிறரும் வழிபடுவதற்காக 1860களில் எழுப்பப்பட்டது. இந்திய இராணுவத்தின் பைக்குழல் இசையணிகள் சிலவற்றில் இன்றும் ஸ்காட்லாந்துக் கட்டத்துணியைக் காணலாம்.

கட்டமும் குலமும்

கில்ட் துணியில் பல நிறக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக் கட்டங்களை உண்டாக்கும். இக்கட்ட அமைப்பு டார்ட்டன் எனப்படும். விழாவுக்குக் கில்ட் வாங்குபவர் முதலில் தம் குலத்துக்குரிய டார்ட்டனை நாடுவார். தந்தையின் குடும்பப் பெயரோடு தொடர்புடைய கட்டம் இல்லையெனில் தாயின் வழியைப் பார்ப்பார். அதுவும் இல்லையெனில் பிறந்த வட்டாரத்துக்குரிய கட்டத்தைத் தேர்வார். எவரும் அணியத்தக்க பொதுக் கட்டங்களும் உண்டு. கரும்பச்சையும் கருநீலமும் கலந்த பிளாக் வாட்ச் என்னும் டார்ட்டன் அவற்றுள் புகழ்பெற்றது. டார்ட்டன்களைப் பதிவு செய்வதற்கென்றே ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2008இல் ஒரு சட்டம் இயற்றியது.

அடுத்து, உடன் அணிவனவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரவு விருந்தெனில் குட்டையான கறுப்பு மேலங்கியும் வில்வடிவக் கழுத்துப்பட்டையும் அணிவர். கில்ட்டில் பை இல்லாமையால் இடுப்பின் முன்புறம் தோற்பை ஒன்று தொங்கும். முழங்காலுக்குக் கீழே கம்பளிக் காலுறை இருக்கும்.

இங்கு ஒரு வியப்பு உண்டு. தமிழ்நாட்டில் கட்டம் போட்ட கைலி வீட்டில் உடுத்தும் எளிய உடை. அதனை அணிந்து எவரும் திருமணத்துக்குச் செல்வதில்லை. ஸ்காட்லாந்திலோ கட்டத்துணியே திருமண உடை. கட்டத்திற்கு இயல்பாக உயர்வோ தாழ்வோ இல்லை. அந்தந்த மக்கள் அதற்கு வழங்கிய இடமே அதன் மதிப்பாகும்.

வேட்டியைத் தேர்ந்தெடுத்தல்

டார்ட்டன் செய்யும் பணியைத் தமிழர் உடையில் கரை செய்கிறது. வெண்ணிற வேட்டியின் ஓரத்தில் ஓடும் மெல்லிய கோடே கரை. சரிகைக் கரை திருமணத்தையும் திருவிழாவையும் உணர்த்தும். பச்சை, நீலம், அரக்கு முதலிய நிறங்களில் அமைந்த ஒல்லிக் கரை எல்லா விழாக்களுக்கும் பொருந்தும். அரசியல் கட்சியின் கொடி நிறங்களைக் கொண்ட கரை, உடுத்தியவர் அக்கட்சியைச் சார்ந்தவர் எனக் காட்டிவிடும். இதனை அறியாமல் அழகு கருதி மட்டும் வாங்கினால், சொல்ல எண்ணாத செய்தியைச் சொன்னவராக நேரிடும். வேட்டியின் நிறமும் பேசும். கறுப்பு வேட்டியும் நீல வேட்டியும் ஐயப்பனுக்கு மாலை அணிந்தோரை நினைவூட்டும். ஆகவே பள்ளி விழாவுக்கும் உறவினர் இல்ல நிகழ்வுக்கும் வெண்மையோ சந்தன நிறமோ ஏற்றது.

கரைக்கு அடுத்தது நீளம். ஒரு முழம் ஏறத்தாழ 45 செ.மீ. நான்குமுழ வேட்டி ஏறத்தாழ 1.8 மீட்டர் நீளமுடையது. ஒற்றைச் சுற்றாக உடுத்தப்படுவது. அன்றாடப் பயன்பாட்டுக்கு எளியது. எட்டுமுழ வேட்டியை இரண்டாக மடித்து உடுத்துவர். துணி இரட்டையாக அமைவதால் உடல் தெரியாது. மடிப்பும் நேராக நிற்கும். எனவே விழாவுக்கு எட்டுமுழமே சிறந்தது. சிறுவர்க்குரிய சிறிய அளவுகளும் கடைகளில் கிடைக்கும். வாங்கும் முன் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை அளந்து பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, நூல். பருத்தி நூலின் எண் உயர உயர, இழை மெல்லியதாகும். மெல்லிய இழை வேட்டி மென்மையானது. ஆனால் ஒற்றையாக உடுத்தினால் ஊடுருவித் தெரியும். பட்டு வேட்டிக்குச் சேலம் வெண்பட்டு புகழ்பெற்றது. அது புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. தூய பட்டு என்பதை அறியப் பட்டு முத்திரை உதவும். அம்முத்திரையோடு தொடர்புடைய மத்தியப் பட்டு வாரியத்தின் தலைமையகம் பெங்களூருவிலேயே உள்ளது. போக்குவரத்து நெரிசலுக்குப் பெயர்பெற்ற சில்க் போர்டு சந்திப்புக்கு அப்பெயர் வரக் காரணம் அவ்வலுவலகமே.

உடுத்தும் முறை

நல்ல வேட்டியும் முறையாக உடுத்தினால்தான் சிறக்கும். கீழ்விளிம்பு கணுக்கால் அளவில் ஒரே சீராக இருத்தல் வேண்டும். கரை முன்புறம் நேர்கோடாகத் தெரிதல் வேண்டும். நடக்கும்போது வசதிக்காக மடித்துக் கட்டுவது வழக்கமெனினும், பெரியோர் முன்னும் அவையிலும் அதனை இறக்கிவிடுவதே மரபு. வெண்ணிறச் சட்டையும், வேட்டிக்கு இணையான கரையுடைய அங்கவஸ்திரமும் தோற்றத்தை நிறைவாக்கும்.

வேட்டி அவிழ்ந்துவிடுமோ என்ற அச்சம் சிறுவர் பலருக்கு உண்டு. அவர்களுக்கு இடைவார் துணைசெய்யும். ஒட்டுப்பட்டை தைத்த வேட்டிகளும் உள்ளன. அவற்றை அணிவது இழுக்கு என எண்ண வேண்டியதில்லை. பழங்காலத்தில் நீண்ட கம்பளித் துணியாகச் சுற்றி உடுத்தப்பட்டதே பின்னர் தைத்த மடிப்புகளும் தோல்வார்களும் கொண்ட கில்ட்டாக மாறியது. அம்மாற்றத்தால் அதன் பெருமை குறையவில்லை.

பெங்களூருவில் வளரும் தமிழ்ச் சிறுவன் ஒருவன் பள்ளி விழாவில் வேட்டி அணிந்து நின்றால், தோழர்கள் அவனைச் சூழ்ந்து வினாக்கள் தொடுக்கக்கூடும். கரை எதற்கு, துணி எத்தனை முழம், அதனை எப்படிக் கட்டுவது என்று விடை கூற அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவ்விடைகளைக் கேட்கும் கன்னடத் தோழன், தன் பாட்டனாரும் இவ்வாறே பஞ்செ உடுத்துவார் என்று மகிழ்ந்து கூறுவான்.

பயிற்சி

1. பெங்களூருவிலும் சென்னையிலும் நடந்த நிகழ்வுகளுக்கு இடையே உள்ள ஒற்றுமை, வேற்றுமைகளை எழுதுக.
2. ஸ்காட்லாந்து மக்கள் டார்ட்டனைத் தேர்ந்தெடுக்கும் வரிசைமுறையைக் கூறுக.
3. விழாவுக்கு எட்டுமுழ வேட்டி ஏற்றது எனக் கூறப்படுவதற்கான காரணங்கள் யாவை?
4. வீட்டில் உள்ள வேட்டிகளின் கரைகளை வரைந்து, ஒவ்வொன்றும் எந்நிகழ்வுக்கு உரியது எனப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.