மௌனத்தின் பிள்ளைகள் – 7
எழுத மறுத்த கை

நம் ஊர் ஜெபக்கூட்டங்களில் 'சாட்சி சொல்லுதல்' என்று ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எழுந்து நின்று, ஆண்டவர் தன் வாழ்வில் செய்ததைச் சபைக்கு முன் வாயால் சொல்வார். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் அதே சொல்லை வேறொன்றுக்கு வைத்திருக்கிறார்கள்: ஒருவர் எதை விற்கிறார், எதை உடுத்துகிறார், எதை எழுதித் தருகிறார் என்பதற்கு. போதகர் இல்லாத கூட்டத்தில் மௌனமாக உட்கார்ந்திருக்கையில் எது நெஞ்சை உறுத்தியதோ, அது மறுநாள் கடையில் தெரிய வேண்டும். சென்ற வாரம் பார்த்தோமே, நீதிபதி முன் தொப்பியைக் கழற்றாததும் சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்ததும், அவையும் இப்படி வந்தவைதாம்.

இந்த வாரம் ஜான் உல்மன். நியூ ஜெர்சியில் 1720இல் பிறந்த குவேக்கர். இருபது வயதைத் தாண்டிய நாட்களில் மவுண்ட் ஹாலி என்ற ஊரில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஒருநாள் முதலாளி கூப்பிட்டு, தான் ஒரு கறுப்பினப் பெண்ணை விற்றுவிட்டதாகவும், உடனே பத்திரம் எழுதித் தரும்படியும் சொன்னார். வாங்குபவர் பக்கத்திலேயே காத்திருந்தார். அவரும் வயதான குவேக்கர்தான். ஆட்டையும் மாட்டையும் விற்பதுபோல ஒரு மனுஷியை விற்க எழுத வேண்டும். உல்மன் எழுதினார். ஆம், எழுதிவிட்டார். சம்பளம் தருபவர் சொல்கிறார், வாங்குபவரோ சபைப் பெரியவர் என்று மனம் சமாதானம் சொன்னது. எழுதி முடித்ததும், அடிமை வைத்திருப்பது கிறிஸ்தவ மார்க்கத்துக்கு ஒவ்வாதது என்று இருவரிடமும் சொன்னார். சொன்ன பிறகும் உறுத்தல் போகவில்லை. முதலிலேயே மறுத்திருக்க வேண்டும் என்று பின்னாளில் தன் நாட்குறிப்பில் வருந்துகிறார்.

அவருடைய மற்றச் செயல்கள் எல்லாவற்றையும்விட இந்தத் தோல்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தக் காகிதத்தில்தான் அவருடைய சாட்சி தொடங்குகிறது. அடுத்த முறை வேறொருவர் அப்படிப் பத்திரம் கேட்டபோது கை எழுத மறுத்தது.

பிறகு ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருக்கு உடம்பில் பலத்த அடி. ரத்தம் இறக்குவதற்கு உல்மனை அழைத்தார்கள். அந்தக் காலத்து வைத்தியம் அது. அது முடிந்ததும், தன் உயிலையும் எழுதித் தரச் சொன்னார் அவர். எந்தப் பிள்ளைக்கு எந்தச் சொத்து என்று சொல்லிக்கொண்டே வந்தவர், தன் வீட்டு அடிமைப் பெண் யாருக்கு என்பதையும் சொன்னார். உல்மன் அந்த ஒரு பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எழுதினார். படுக்கையருகே போய் வாசித்துக் காட்டினார். விட்ட பகுதியை எழுதத் தன் மனம் ஒப்பவில்லை என்று நயமாகச் சொன்னார். கூலியும் வேண்டாம் என்றார். இருவரும் நெடுநேரம் பேசினார்கள். கடைசியில் அந்த மனிதர் அவளை விடுதலை செய்யச் சம்மதித்தார். அதன் பிறகுதான் உயில் முழுமையானது.

வலியில் கிடக்கும் ஒருவரைக் கடிந்துகொள்ளாமல், அதே சமயம் அவருக்காக இம்மியும் வளையாமல் இருப்பது எத்தனை கடினம்! உல்மன் எங்கும் இப்படித்தான் நடந்தார். பயணங்களில் அடிமைகள் பணிவிடை செய்யும் வீட்டில் தங்க நேர்ந்தால், அவர்கள் உழைப்பை இலவசமாக வாங்க மனம் வராமல் வெள்ளிக்காசு கொடுத்தார். கடை வியாபாரம் பெருகியபோது மனம் அதில் சிக்கிவிடும் என்று அதைக் கைவிட்டுத் தையல் வேலையும் பழத்தோட்டமும் போதும் என்று இருந்தார். அடிமைகளின் வியர்வையில் விளைந்த சர்க்கரையை விட்டார். சாயம் அழுக்கை மறைக்கத்தான் உதவுகிறது என்று சாயம் ஏறாத துணியே உடுத்தினார். தொப்பியும் அப்படியே. அது வேண்டுமென்றே தனித்துத் தெரியும் வேலை என்று சபையாரில் சிலர் முகம் சுளித்தார்கள். போதாக்குறைக்கு அப்போது அத்தகைய தொப்பி சிலரிடம் நாகரிகமாகவும் இருந்தது. அவருக்கு வருத்தம்தான், ஆனாலும் கழற்றவில்லை.

1758இல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டத்தில் அடிமைமுறை பற்றிய பேச்சு எழுந்தது. பொறுத்திருப்போம் என்றவர்கள் உண்டு. உல்மன் எழுந்து, ஒடுக்கப்பட்டவர்களின் அழுகை கடவுளை எட்டிவிட்டது, இனித் தாமதிக்கலாகாது என்றார். அடிமைகளை வாங்குவோரையும் விற்போரையும் சபை நிர்வாகத்திலிருந்து விலக்கி வைப்பது என்று முடிவாயிற்று. அடிமை வைத்திருப்போரின் வீடு தேடிப் போய்ப் பேச ஒரு குழுவும் அமைந்தது. அதில் உல்மனும் இருந்தார்.

1772இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். மேல்தட்டு அறையின் வெளியே வீண் அலங்காரச் செதுக்கல்கள் இருந்ததால், மாலுமிகளோடு கீழ்த்தளத்தில் நெருக்கியடித்துப் பயணம் செய்தார். இங்கிலாந்தில் கோச்சு வண்டிகளின் வேகத்துக்காகக் குதிரைகள் சாகடிக்கப்படுவதையும் வண்டிப் பையன்கள் குளிரில் விறைப்பதையும் கேள்விப்பட்டு, வடக்கே நடந்தே போனார். யார்க் நகரில் பெரியம்மை கண்டது. அக்டோபர் 7ஆம் நாள் இறந்தார். வயது 51.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1776இல், பிலடெல்பியா குவேக்கர்கள் தங்களில் யாரும் அடிமை வைத்திருக்கலாகாது என்று தடை விதித்தார்கள். நாட்குறிப்பு அதற்கு முன்பே, 1774இல், அச்சாகிவிட்டது. பத்திரம் எழுதிய கதை அதன் தொடக்கப் பக்கங்களிலேயே வருகிறது. விற்கப்பட்ட அந்தப் பெண்ணின் பெயர் அதில் இல்லை.

(தொடரும்)