முன்னால் லோகோ பைலட்... பின்னால் கார்டு... யாருக்கு வேலை கஷ்டம்?

ரயில் கிளம்பும் நேரம். கடைசிப் பெட்டியிலிருந்து பச்சைக் கொடி அசைகிறது. இன்ஜின் ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டு நகர்கிறது. பிளாட்பாரத்தில் நிற்கும் நமக்குத் தெரிவது இவ்வளவுதான். 'டிரைவர் பாவம், ராத்திரி முழுக்கக் கண் விழிக்கணும். கார்டுக்கு என்ன, கொடியைக் காட்டிட்டு உட்கார்ந்து வரலாம்' என்று நினைப்பவர்களும் நம்மில் உண்டு.

அது பாதி உண்மைதான்.

டிரைவருக்கு இப்போது 'லோகோ பைலட்' என்று பெயர். கார்டு பதவியின் பெயரும் 2022 ஜனவரியில் 'டிரெயின் மேனேஜர்' என்று மாறியது. பெயர் மாறிய அளவுக்கு வேலைச் சூழல் மாறியதா என்பதுதான் கேள்வி.

இரண்டு வாசல்கள்

ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ படித்தவர்கள் உதவி லோகோ பைலட்டாகச் சேர்கிறார்கள். எழுத்துத் தேர்வோடு முடியாது. கவனம், நிதானம், வேகமாக முடிவெடுக்கும் திறன் ஆகியவற்றைச் சோதிக்கும் தனித் தேர்வும் உண்டு. ஏழாவது சம்பள கமிஷன்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய். சரக்கு ரயில் கார்டு வேலைக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். தொடக்க அடிப்படைச் சம்பளம் 29,200 ரூபாய்.

ஆக, ஆரம்பத்தில் கார்டின் கைதான் ஓங்கி இருக்கிறது. உதவியாளராக இருந்து சரக்கு ரயில் லோகோ பைலட் ஆகும்போது அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாயிலிருந்து தொடங்கும். இருவருக்குமே ஓடிய கிலோமீட்டர் கணக்கில் தனிப்படி உண்டு. அதாவது, வண்டி ஓடினால்தான் அந்தக் காசு.

உடல் தகுதியிலும் வித்தியாசம் இருக்கிறது. லோகோ பைலட்டுக்கு 'ஏ-1' என்ற மிகக் கடுமையான கண் பரிசோதனை. கார்டுக்கு அதற்கு அடுத்த 'ஏ-2'. பார்வை குறைந்து 'ஏ-1' தகுதியை இழந்தால், எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் லோகோ பைலட் இன்ஜினை விட்டு இறங்கி வேறு வேலைக்குப் போக வேண்டியதுதான்.

கண் அயர முடியாத சீட்

இன்ஜினில் லோகோ பைலட்டும் உதவியாளரும் ஒவ்வொரு சிக்னலையும் பார்த்து, நிறத்தை வாய்விட்டுச் சொல்லி, ஒருவருக்கொருவர் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒரு நிமிடம் எந்தக் கருவியையும் தொடாமல் இருந்தால் விளக்கு மினுக்கி, பஸ்ஸர் அலறும். அதற்கும் அசையாவிட்டால் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். தூக்கத்தைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால், பல மணி நேரம் இதோடு மல்லுக்கட்டுவதே ஒரு களைப்பு.

இன்னொரு பாரம் வெளியில் தெரியாது. 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ரயிலை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. எமர்ஜென்சி பிரேக் போட்டாலும் ஒரு கிலோமீட்டர் அளவுக்கு ஓடித்தான் நிற்கும். தண்டவாளத்தில் திடீரென்று ஓர் ஆள் வந்துவிட்டால் ஹாரன் அடிப்பதையும் பிரேக் போடுவதையும் தவிர வேறு வழியில்லை. அந்தக் காட்சியைப் பார்த்த அதே கண்ணோடுதான் அடுத்த சிக்னலையும் பார்க்க வேண்டும்.

பேச்சுத் துணை இல்லாத பெட்டி

கார்டின் கஷ்டம் வேறு மாதிரி. சரக்கு ரயிலின் கடைசியில் இருக்கும் பிரேக் வேனில் அவர் ஒருவர்தான். இன்ஜின் சுமார் 700 மீட்டருக்கு முன்னால் இருக்கும். வாக்கி டாக்கி மட்டுமே துணை. பழைய பிரேக் வேன்களில் மின்விளக்கு கிடையாது, மின்விசிறி கிடையாது, கழிப்பறை கிடையாது. தூக்கிப் போடும் குலுக்கல் மட்டும் தாராளம். எக்ஸ்பிரஸ் ரயில்களுக்கு வழிவிட்டு, ஆள் நடமாட்டமே இல்லாத லூப் லைனில் மணிக்கணக்கில் இருட்டில் நிற்க வேண்டியும் வரும். புதிய வேன்களில் வசதிகள் கூடியிருந்தாலும், எல்லோருக்கும் அந்த வேன் வாய்ப்பதில்லை.

சும்மா உட்கார்ந்து வருபவரும் இல்லை. வண்டி முழுமையாக வருகிறதா, பிரேக் பிரஷர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வர வேண்டும். நடுவழியில் வண்டி தடம் புரண்டாலோ, இணைப்பு அறுந்தாலோ, பின்னால் வரும் ரயிலைத் தடுப்பது அவர் பொறுப்பு. கொடியோடு அல்லது கைவிளக்கோடு தண்டவாளத்தில் பின்னோக்கி நடந்து, 600 மீட்டரில் ஒன்று, 1,200 மீட்டரில் மூன்று என எச்சரிக்கை வெடிகளை வைக்க வேண்டும். மழை, இருட்டு, பாம்பு, எதுவாக இருந்தாலும் தனியாகத்தான் போக வேண்டும்.

சென்னை புறநகர் ரயில்களில் கார்டு இரண்டு முறை மணி அடித்தால்தான் வண்டி கிளம்பும். ஏறியும் ஏறாமலும் தொங்கும் கூட்டத்தைப் பார்த்து, ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் அந்த முடிவை எடுப்பவர் அவர்தான்.

கழிப்பறையும் தூக்கமும்

இந்த இரண்டிலும் முன், பின் என்ற வேறுபாடு இல்லை. கழிப்பறை உள்ள முதல் இன்ஜின் வந்ததே 2016-ல்தான். ஏ.சி.யும் கழிப்பறையும் உள்ள இன்ஜின்கள் கூடிவந்தாலும், இன்னும் எல்லாவற்றிலும் இல்லை. தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு வேலைக்குப் போவதுதான் ஊழியர்கள் கண்டுபிடித்த வழி. லோகோ பைலட் வேலைக்குப் பெண்களும் வந்துவிட்ட பிறகு, இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கவே முடியாது.

சரக்கு ரயில் ஊழியர்களுக்கு நிலையான நேரம் கிடையாது. கிளம்ப இரண்டு மணி நேரம் முன்பு அழைப்பு வரும். அது மதியமாகவும் இருக்கலாம், நள்ளிரவு 2 மணியாகவும் இருக்கலாம். 8 மணி நேரம் அல்லது அதற்கு மேல் வேலை பார்த்தால் சொந்த ஊரில் 16 மணி நேரம், வெளியூர் ரன்னிங் ரூமில் 8 மணி நேரம் ஓய்வு என்பது விதி. இதுபோக, மாதத்தில் நான்கு முறை 30 மணி நேர ஓய்வு அல்லது ஐந்து முறை 22 மணி நேர ஓய்வு. இந்த 30 மணி நேரத்துக்குள் தினசரி ஓய்வான 16 மணி நேரத்தையும் அடக்கிவிடக் கூடாது, இரண்டையும் சேர்த்து 46 மணி நேரம் வேண்டும் என்று கேட்டுத்தான் 2024 ஜூனில் தெற்கு ரயில்வே லோகோ பைலட்கள் போராடினார்கள். வாரத்தில் ஓர் இரவாவது வீட்டில் முழுதாகத் தூங்க வேண்டும் என்பதுதான் அந்தக் கணக்கின் பொருள்.

ஒரே நாளில் இருவர்

2024 ஜூன் 17. மேற்கு வங்கத்தில் நியூ ஜல்பைகுரி அருகே நின்றிருந்த கஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் மீது பின்னாலிருந்து ஒரு சரக்கு ரயில் மோதியது. இறந்தவர்களில் எக்ஸ்பிரஸின் கார்டும் ஒருவர். சரக்கு ரயிலின் லோகோ பைலட்டும் ஒருவர். அன்றே லோகோ பைலட் மீது பழி விழுந்தது. அந்தப் பகுதியில் சிக்னல் பழுதாகி, எழுத்துச் சீட்டு கொடுத்து ரயில்களை அனுப்பியது பிறகு தெரியவந்தது. பாதுகாப்பு ஆணையரின் விசாரணையோ, கொடுத்த அனுமதிச் சீட்டிலேயே குறை இருந்ததையும், ஊழியர்களுக்குப் போதிய பயிற்சி இல்லாததையும் சுட்டிக்காட்டியது.

முன்னால் இருப்பவர் தவறினால் பின்னால் இருப்பவர் உயிரும் போகும். இருவரையும் காப்பாற்ற வேண்டிய ஏற்பாடு தவறினால் இருவர் உயிரும் போகும்.

கார்டே வேண்டாமா?

இப்போது சரக்கு ரயில்களில் கார்டுக்குப் பதிலாகக் கடைசி வேகனில் ஒரு கருவியைப் பொருத்தும் திட்டம் நடக்கிறது. வண்டி முழுமையாக இருக்கிறதா என்பதை அது இன்ஜினுக்குச் சொல்லிவிடும். குலுங்கும் வேனில் தனியாக இரவைக் கழிக்கும் கொடுமை தீரும் என்பது நல்ல செய்திதான். ஆனால் வண்டி நடுக்காட்டில் நின்றால், 1,200 மீட்டர் பின்னால் நடந்துபோய் வெடி வைக்கக் கருவிக்குக் கால் இல்லை. அந்த நடை உதவி லோகோ பைலட்டின் தலையில் விழும். 700 மீட்டர் வண்டியைக் கடந்த பிறகுதான் அவருக்கு அந்த 1,200 மீட்டரே தொடங்கும். அவர் திரும்பி வரும்வரை, இன்ஜினில் லோகோ பைலட் தனியாக இருப்பார்.

யாருக்கு வேலை கஷ்டம் என்று கேட்டால், ஒருவருக்கு ஓயாத கவனம், இன்னொருவருக்கு ஓயாத தனிமை. இரண்டையும் தராசில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. வேலைக்குப் போகும் முன் இருவரும் போதிய அளவு தூங்கினார்களா என்பதுதான் ரயிலில் ஏறும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி.