உஷார்! முகம் பார்த்து வரும் கோபம்

ஒரு கொடுமையைப் பற்றிச் செய்தி வருகிறது. ‘என்ன நடந்தது?’ என்று கேட்பதற்கு முன்பே ‘யார் செய்தது?’ என்று உங்கள் மனம் கேட்கிறதா? அங்கேயே உஷாராகிவிடுங்கள்.

செய்தது நமக்குப் பிடிக்காத அரசு என்றால் கொதிக்கிறோம். நம் தரப்பு அரசு என்றால், ‘முழு விவரமும் வரட்டும்’ என்கிறோம். உதவி செய்யப் போன சர்வதேச அமைப்பு என்றால் செய்தியையே தாண்டிப் போய்விடுகிறோம். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு. இப்படித் தாண்டிப் போவதன் விலை என்ன என்பதை ஹைதி மக்கள் தங்கள் உயிரைக் கொடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

ஆற்றில் கலந்த மரணம்

2010 ஜனவரி 12 அன்று வந்த பூகம்பத்தில் ஹைதியின் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் நொறுங்கியது. அதே ஆண்டு அக்டோபரில், தலைநகரிலிருந்து தள்ளி இருக்கும் மிர்பலே ஊர்ப்பக்கம் மக்கள் வாந்தியும் பேதியுமாக விழத் தொடங்கினார்கள். காலரா! அதற்கு முன் குறைந்தது நூறு ஆண்டுகளாக அந்த நாட்டில் காலரா பதிவானதே இல்லை.

மிர்பலே அருகே ஐ.நா. அமைதிப்படையின் முகாம் ஒன்று இருந்தது. நேபாளத்திலிருந்து புதிதாக வந்திறங்கிய வீரர்கள் அங்கே தங்கியிருந்தார்கள். அந்த மாதங்களில் நேபாளத்தில் காலரா பரவியிருந்தது. முகாமின் மலக்கழிவு ஒழுங்காக அகற்றப்படாமல் பக்கத்து ஓடையில் கலந்தது. ஓடை ஆர்ட்டிபோனிட் ஆற்றில் சேர்ந்தது. ஹைதியின் மிக நீளமான அந்த ஆற்றில்தான் கரையோர மக்கள் குளித்தார்கள், துவைத்தார்கள், குடிக்கவும் அதிலேயே மொண்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் 8 லட்சம் பேருக்கு மேல் நோய் கண்டது. கிட்டத்தட்ட 10,000 பேர் இறந்தார்கள்.

அந்த வீரர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவர்களுக்குக் காலரா இருக்கிறதா என்று பரிசோதிக்காமல் அனுப்பியதும், முகாமின் கழிவுக்கு ஒழுங்கான ஏற்பாடு செய்யாததும் அவர்களை அழைத்துச் சென்ற அமைப்பின் தவறு.

கைவிரித்த ஐ.நா.

முதலில் ஐ.நா. மறுத்தது. பிரெஞ்சு தொற்றுநோய் நிபுணர் ரெனோ பியாரூ நேரில் ஆராய்ந்து அந்த முகாமைத்தான் சுட்டிக்காட்டினார். 2011 மே மாதம் ஐ.நா. அமைத்த நிபுணர் குழு, ஆற்றில் மலம் கலந்ததையும் கிருமி தெற்காசிய வகை என்பதையும் ஒப்புக்கொண்டது. ஆனால், பல சூழ்நிலைகள் ஒன்றுசேர்ந்ததால் நேர்ந்தது, எவர் மீதும் தவறில்லை என்று முடித்துவிட்டது. இரண்டு ஆண்டு கழித்து அந்த நிபுணர்களே, நோய் வந்ததற்கு அமைதிப்படை முகாமே பெரும்பாலும் காரணம் என்று எழுதினார்கள்.

பாதிக்கப்பட்ட 5,000 பேர் சார்பில் 2011 நவம்பரில் இழப்பீடு கேட்டு மனு போனது. 2013 பிப்ரவரியில், இந்த மனுவை ஏற்க இயலாது என்று ஐ.நா. கைவிரித்தது. 1946-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி எந்த நாட்டு நீதிமன்றமும் ஐ.நா.வை விசாரிக்க முடியாது. அதே உடன்படிக்கையில் இன்னொரு கடமையும் எழுதப்பட்டிருக்கிறது: தன்னால் பாதிக்கப்பட்டவர்களின் வழக்கைத் தீர்க்க ஐ.நா.வே தகுந்த வழி செய்து தரவேண்டும். ஹைதியோடு 2004-இல் போட்ட ஒப்பந்தத்திலும் இழப்பீட்டு ஆணையம் ஒன்றை அமைப்பதாக உறுதி இருந்தது. அந்த ஆணையம் கடைசிவரை அமைக்கப்படவே இல்லை. தன்னைக் காக்கும் விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மக்களைக் காக்கும் விதியைக் கைவிட்டார்கள். நியூயார்க்கில் ஐ.நா. மீது தொடுத்த வழக்கு 2016 ஆகஸ்டில் மேல்முறையீட்டிலும் தோற்றது.

அந்த ஆண்டு டிசம்பரில் ஐ.நா.வின் அப்போதைய பொதுச்செயலாளர் பான் கி மூன் மன்னிப்புக் கேட்டார். நோய் பரவியபோது நாங்கள் போதிய அளவு செயல்படவில்லை என்றார். நோயைக் கொண்டுவந்ததே நாங்கள்தான் என்று அப்போதும் சொல்லவில்லை. 40 கோடி டாலர் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதில் பத்தில் ஒரு பங்குகூடச் சேரவில்லை.

அதே 2010, இன்னொரு கோபம்

ஹைதியில் காலரா வருவதற்கு ஆறு மாதம் முன்பு, மெக்சிகோ வளைகுடாவில் பி.பி. நிறுவனத்தின் எண்ணெய்க் கிணறு வெடித்தது. 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். கடலில் எண்ணெய் கொட்டியது. வாரக்கணக்கில் உலகத் தொலைக்காட்சிகள் அதையே திரும்பத் திரும்பக் காட்டின. அமெரிக்க அதிபர் ஒபாமா நாட்டு மக்களிடம் நேரடியாகப் பேசினார். இரண்டே மாதத்தில் 2,000 கோடி டாலர் இழப்பீட்டு நிதிக்கு அந்த நிறுவனம் சம்மதித்தது.

அந்தக் கோபம் சரியானது. அது பலன் தந்தது என்பதையும் கவனியுங்கள். மக்கள் கூச்சல் போட்டால் பணம் வருகிறது, பொறுப்பு வருகிறது, விதி மாறுகிறது. ஹைதிக்காக அந்தக் கூச்சல் எழவில்லை. குற்றம் செய்தவர் கொடுங்கோலராகவோ பேராசைக்கார நிறுவனமாகவோ இருந்தால் கோபப்பட நமக்குத் தெரிகிறது. ஐ.நா.வின் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு மருந்தும் அரிசியும் கொண்டுவருபவர் மீது கோபப்பட நாம் பழகவே இல்லை. அங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

தமிழர்கள் கவனிக்க வேண்டியது

ஹைதியில் அமைதி காக்கப் போன படைகளில் இலங்கைப் படையும் ஒன்று. பாலியல் கொடுமைப் புகார்களுக்காக 2007-இல் நூற்றுக்கும் மேற்பட்ட இலங்கைப் படையினர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 2004 முதல் 2007 வரை குறைந்தது 134 பேர் ஒன்பது குழந்தைகளைச் சீரழித்ததாக அசோசியேட்டட் பிரஸ் 2017-இல் அம்பலப்படுத்தியது. ஒருவரும் சிறைக்குப் போகவில்லை. அமைதிப்படை வீரர் குற்றம் செய்தால் அவரைத் தண்டிக்கும் அதிகாரம் அனுப்பிய நாட்டுக்கு மட்டுமே உண்டு. ஐ.நா.வால் ஊருக்குத் திருப்பி அனுப்பத்தான் முடியும்.

அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அதே ராணுவம் இலங்கையின் வன்னியில், இறுதிப் போரில் தமிழ் மக்களுக்கு என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். அங்கும் ஐ.நா. தன் கையிலிருந்த உயிர்ச்சேதக் கணக்கை வெளியே சொல்லத் தயங்கியது. 2012-இல் வந்த அதன் உள் ஆய்வறிக்கையே இதைப் பெரும் தோல்வி என்று ஒப்புக்கொண்டது. அப்போதைய இலங்கை அதிபர் ராஜபக்சவின் அரசு மீது நாம் கொட்டிய கோபத்தில் கால்வாசியாவது அந்த மௌனத்தின் மீது காட்டினோமா? ஹைதியின் குழந்தைகளுக்காக நம்மில் எத்தனை பேர் குரல் கொடுத்தோம்?

உண்மை சொன்னவருக்குத் தண்டனை

மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் பிரெஞ்சுப் படையினர் சிறுவர்களைச் சீரழித்த புகார் 2014-இல் ஐ.நா. அதிகாரிகளிடம் வந்தது. அந்த அறிக்கையை பிரெஞ்சு அதிகாரிகளிடம் கொடுத்தார் மூத்த ஐ.நா. அதிகாரி ஆண்டர்ஸ் கோம்பாஸ். அதற்காக 2015-இல் அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். சுயேச்சைக் குழு விசாரித்து, ஐ.நா. படுமோசமாகத் தவறியது என்றது. கோம்பாஸ் மீது தவறில்லை என்று தீர்ப்பானது. மனம் வெறுத்து அவர் வேலையை விட்டார். பிரான்ஸில் நடந்த வழக்கு 2018-இல் யார் மீதும் குற்றச்சாட்டு இல்லாமல் மூடப்பட்டது.

இந்த வலையிலும் விழாதீர்கள்

இதையெல்லாம் படித்துவிட்டு, ‘அப்படியானால் ஐ.நா.வுக்கு யாரையும் கேள்வி கேட்கும் தகுதி இல்லை’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். குற்றம் சாட்டப்பட்ட ஒவ்வோர் அரசும் உங்களிடம் எதிர்பார்ப்பது அந்த முடிவைத்தான். இலங்கை அரசுகள் ஐ.நா. மனித உரிமை மன்றத் தீர்மானங்களை மறுக்கும்போது, எங்களை மட்டும் கேட்கிறீர்களே என்ற வாதத்தை எடுக்கின்றன. ‘அங்கே நடந்தபோது எங்கே போனாய்?’ என்று கேட்பவரைக் கவனியுங்கள். அங்கேயும் நீதி வேண்டும் என்று கேட்கிறாரா? அவரோடு சேர்ந்துகொள்ளுங்கள். இங்கே வாயை மூடு என்பதற்காகக் கேட்கிறாரா? விலகி நில்லுங்கள். நாம் அங்கே காத்த மௌனம்தான் இவருக்கு ஆயுதம் தந்தது என்பதையும் மறக்காதீர்கள்.

அடுத்த செய்தி வரும்போது

செய்தவரின் பெயரை எடுத்துவிட்டு, நடந்ததை மட்டும் படியுங்கள். அப்போது கோபம் வருகிறதா என்று பாருங்கள். விசாரிப்பவர் யார் என்று கேளுங்கள்; குற்றம் சாட்டப்பட்ட அமைப்பே தன்னை விசாரித்துக்கொண்டால் அந்த முடிவை அப்படியே நம்பாதீர்கள். மன்னிப்பு வந்ததும் ஓய்ந்துவிடாதீர்கள்; இழப்பீடு பாதிக்கப்பட்டவர் கைக்குப் போனதா என்று கேளுங்கள். உண்மையை வெளியே கொண்டுவந்தவருக்கு என்ன ஆனது என்று தேடிப் பாருங்கள்.

இது தூர தேசத்துக் கதை என்று இருந்துவிட முடியாது. ஐ.நா. அமைதிப்படைக்கு மிக அதிகமாக வீரர்களை அனுப்பும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நாளை ஏதோ ஓர் ஏழை நாட்டில் ஒரு தாய், நம் கொடி தைத்த சீருடையைக் காட்டி நீதி கேட்கலாம். அன்று அவளிடம் ஆதாரம் கேட்பதற்கு முன், ராஜபக்சவிடம் நாம் என்ன கேட்டோமோ அதையே நம் அரசிடமும் கேட்கத் தயாரா? அதற்கான பதிலை இன்றே முடிவு செய்துகொள்ளுங்கள். புகார் வந்த பிறகு முடிவெடுத்தால், நாமும் முகம் பார்த்துத்தான் முடிவெடுப்போம்.