மடிக்கும் திரைகளின் மறைமுகச் சவால்: மின்காப்புப் படலங்களின் பங்கு என்ன?

மடித்துச் சட்டைப்பையில் வைக்கக்கூடிய கைபேசிகள் 2019-ஆம் ஆண்டு முதல் சந்தையில் கவனம் பெற்று வருகின்றன. அவற்றின் திரை மடிக்கும்போது விரிசல் விடாமல் இருப்பதும், விரல் பட்டவுடன் செயல்படுவதும், கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய மின்காப்புப் படலங்களைப் பெரிதும் சார்ந்துள்ளன.

திரைக்குள் நுண்ணிய உலோகத் தடங்கள் குறுக்கும் நெடுக்குமாகச் செல்கின்றன. இரு தடங்களுக்கு இடையே மின்காப்புப் படலம் அமையும்போது, அந்த அமைப்பே சிறிய மின்தேக்கியாகிவிடுகிறது. தடத்தில் செல்லும் சமிக்ஞை முதலில் இந்தத் தேவையற்ற மின்தேக்கியை மின்னேற்றம் செய்தாக வேண்டும். இதனால் சமிக்ஞை தாமதமாகிறது. மின்கலத்தின் ஆற்றலும் வீணாகிறது. தொடு உணரிகளில் இரைச்சலும் கலக்கிறது.

வளையும் திரைகளில் இச்சிக்கல் மேலும் கடுமையாகிறது. 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள தாளை 5 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைத்தால், அதன் வெளிப்பரப்பு சுமார் 1 சதவீதம் நீள்கிறது. தடிமனைப் பாதியாக்கினால் நீட்சியும் பாதியாகும். எனவே படலங்கள் மெலிதாக இருப்பது அவசியம். ஆனால், மின்காப்புப் படலத்தின் தடிமன் பாதியானால் மின்தேக்குத்திறன் இருமடங்காகிறது. இந்த முரண்பாட்டைத் தீர்க்கவே மின்காப்பு மாறிலி குறைந்த பொருள்கள் தேவைப்படுகின்றன.

வெற்றிடத்தின் மாறிலி 1 ஆகும். சிலிக்கான் டை ஆக்சைடுக்கு இது 3.9, சிலிக்கான் நைட்ரைடுக்கு ஏறத்தாழ 7. வளையும் திரைகளின் அடித்தளமாகப் பயன்படும் பாலிஇமைடுக்குச் சுமார் 3.4, டெஃப்லானுக்குச் சுமார் 2.1. மூலக்கூறில் ஃபுளூரினைச் சேர்ப்பதும், காற்று நிறைந்த நுண்துளைகளை உருவாக்குவதும் மாறிலியைக் குறைக்கும் முக்கிய வழிகளாகும்.

எனினும், இவற்றுக்கும் விலை உண்டு. டெஃப்லானின் மீது பிற படலங்கள் எளிதில் ஒட்டுவதில்லை. நுண்துளைகள் பொருளின் வலிமையைக் குறைப்பதுடன், ஈரம் புகவும் வழிவிடக்கூடும். ஓஎல்இடி திரைகளின் கரிமப் படலங்களுக்கு ஈரமும் ஆக்சிஜனும் பெரும் பகை. மேலும், உற்பத்தியின்போது ஏற்படும் உயர் வெப்பத்தையும் பொருள் தாங்க வேண்டும். அதேவேளையில், டிரான்சிஸ்டரின் வாயில் பகுதிக்கு உயர் மாறிலி கொண்ட மின்காப்பே ஏற்றது. ஆகவே ஒரே பொருள் எல்லா இடங்களுக்கும் பொருந்தாது.

குறைகடத்தி மற்றும் காட்சித்திரை உற்பத்தியை ஊக்குவிக்க, ரூ.76,000 கோடி மதிப்பிலான திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2021 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது. கான்பூர் ஐஐடி-யில் வளையும் மின்னணுவியலுக்கான தேசிய மையம் இயங்கி வருகிறது. திரைகளை உள்நாட்டிலேயே உருவாக்க ஆலைகள் மட்டும் போதாது. இத்தகைய நுண்படலப் பொருள்களிலும் தேர்ச்சி பெறுவது இன்றியமையாதது.