ஆறுதல் பொய்களும் சின்னஞ்சிறு மனங்களும்

பத்தாம் வகுப்பு மாணவி

கட்டுரைக்குள் நுழையுமுன் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் சின்னத் தம்பி தங்கையர் இருந்தால், ஆண்டு மலரின் இந்தப் பக்கத்தை அவர்கள் எதிரில் உரக்கப் படிக்காதீர்கள். அவர்கள் இன்னும் கேட்காத சில கேள்விகளுக்கு இங்கே விடை இருக்கிறது.

பொய் சொல்லக் கூடாது என்று முதல் வகுப்பிலேயே நமக்குக் கற்பிக்கிறார்கள். ஆனால் அதைக் கற்பிக்கும் பெரியவர்களிடமிருந்தே நாம் எத்தனை பொய்களைக் கேட்டு வளர்ந்திருக்கிறோம்! நிலாவில் பாட்டி வடை சுடுகிறாள். பழத்தின் கொட்டையை விழுங்கினால் வயிற்றில் மரம் முளைக்கும். சாப்பிடாவிட்டால் பூச்சாண்டி வருவான். கிறிஸ்துமஸ் தாத்தா வெகு தூரத்திலிருந்து பரிசு கொண்டு வருகிறார். இவை யாவும் அன்பினால் சொல்லப்பட்டவைதாம். ஆயினும் இவற்றின் உண்மையைக் குழந்தைக்கு எப்போது சொல்வது? சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி எழுந்தது. அதனால்தான் இதைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

சான்றோர் கருத்து

இது இன்று நேற்று எழுந்த கேள்வியன்று. புனித அகுஸ்தீனார் பொய்யைப் பற்றியே இரண்டு நூல்கள் எழுதினார். ஏறத்தாழ கி.பி. 420இல் எழுதிய இரண்டாவது நூலில் அவர் ஒரு நோயாளித் தந்தையைக் காட்டுகிறார். அவருடைய ஒரே மகன் இறந்துவிட்டான். அது தெரியாத தந்தை, "என் மகன் நலமா?" என்று கேட்கிறார். உண்மையைச் சொன்னால் உயிர் போய்விடலாம். அப்போது என்ன சொல்வது? அகுஸ்தீனாரே அந்த இடத்தில் மனம் கலங்குகிறார். ஆயினும் பொய் சொல்லலாம் என்று அவர் அனுமதிக்கவில்லை.

13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தாமஸ் அக்குவினாஸ், பொய்யை விளையாட்டுப் பொய், உதவிப் பொய், தீங்கு செய்யும் பொய் என மூன்றாகப் பிரித்தார். மூன்றும் தவறே, ஆனால் மூன்றும் ஒரே எடையுள்ளவை அல்ல என்பது அவர் கருத்து. நம் திருவள்ளுவரோ 'வாய்மை' அதிகாரத்தில், குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையோடு சேரும் என்கிறார். இதில் 'குற்றமற்ற' என்ற சொல்லை நாம் விட்டுவிடக் கூடாது. நன்மை வந்தால் மட்டும் போதாது. அதனால் யாருக்கும் தீங்கு வரவும் கூடாது.

வீட்டில் நாம் சொல்லும் பொய்களையும் மூன்று வகையாகப் பிரிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒவ்வொன்றுக்கும் உண்மை சொல்லும் காலம் வேறு.

மகிழ்ச்சிக்காகச் சொல்லும் பொய்

நிலாப் பாட்டி இவ்வகையைச் சேர்ந்தவள். இதனால் யாருக்கும் நட்டமில்லை. குழந்தை கேட்கும்வரை பாட்டி வடை சுட்டுக்கொண்டே இருக்கட்டும். "அக்கா, நிஜமாகவே அங்கே பாட்டி இருக்கிறாளா?" என்று குழந்தை நிமிர்ந்து கேட்கும் நாள்தான் உண்மை சொல்லும் நாள். அன்று சொல்வதற்கு நம்மிடம் அழகான செய்திகள் இருக்கின்றன. பாட்டியாகத் தெரியும் கரிய பகுதிகள், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு பரவி ஆறி உறைந்த சமவெளிகள். 1969ஆம் ஆண்டு ஜூலையில் அப்படி ஒரு சமவெளியில்தான் மனிதன் முதன்முதலில் கால் வைத்தான். 2023 ஆகஸ்டு 23 அன்று நம் சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியது. அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் நம் விழுப்புரத்துக்காரர். பாட்டியை இழந்த குழந்தைக்கு நிலவே கிடைத்துவிடுகிறது அன்றோ?

கிறிஸ்துமஸ் தாத்தாவும் இவ்வகையினரே. எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, வீடு வீடாகப் பாடிவந்த குழுவில் ஆடிய தாத்தாவின் கையில், எங்கள் பாடற்குழு அண்ணனின் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டேன். அன்றிரவு அம்மாவிடம் கேட்டேன். அம்மா மழுப்பவில்லை. இன்றைய துருக்கி நாட்டிலுள்ள மீரா என்ற ஊரில் 4ஆம் நூற்றாண்டில் ஆயராக இருந்த புனித நிக்கோலாஸைப் பற்றிச் சொன்னார்கள். மூன்று ஏழைப் பெண்களின் திருமணத்திற்காக, இரவில் யாரும் அறியாமல் அவர் பொன்முடிப்பை வீட்டுக்குள் எறிந்தார் என்பது மரபு. அவருடைய திருநாள் டிசம்பர் 6. "ரகசியமாகக் கொடுக்கிறவர்கள் எல்லாரும் கிறிஸ்துமஸ் தாத்தாதான். அடுத்த வருஷம் நீயும் வா கண்ணு" என்றார்கள். மறு ஆண்டு பரிசுப் பொட்டலங்களை நானே கட்டினேன். ஏமாந்துவிட்டேன் என்ற எண்ணம் எனக்கு வரவே இல்லை.

1897இல் அமெரிக்காவில் விர்ஜினியா ஓஹான்லன் என்ற எட்டு வயதுச் சிறுமி இதே கேள்வியை நியூயார்க்கின் 'சன்' பத்திரிகைக்கு எழுதிக் கேட்டாள். உண்மையைச் சொல்லுங்கள் என்றும் வேண்டினாள். அவ்வாண்டு செப்டம்பர் 21 அன்று, ஆம், தாத்தா இருக்கிறார் என்று அப்பத்திரிகை தலையங்கத்தில் விடை தந்தது. அன்பும் ஈகையும் இருப்பது போல் அவரும் இருக்கிறார் என்று விளக்கியது. உலகமே அதைப் புகழ்கிறது. ஆனால் எனக்கு ஒரு குறை. உண்மையைச் சொல் என்று ஒரு குழந்தை வாய்விட்டுக் கேட்ட பிறகு நாம் தரும் விடை, அழகாக மட்டும் இருந்தால் போதாது; நேராகவும் இருக்க வேண்டும்.

மிரட்டுவதற்காகச் சொல்லும் பொய்

எல்லையோர ஊராகிய நம் ஓசூரில் ஒரே தெருவில் மூன்று மொழிகள் ஒலிக்கின்றன. தமிழ் வீட்டில் பூச்சாண்டி, தெலுங்கு வீட்டில் பூச்சாடு, கன்னட வீட்டில் கும்மா. மொழி மாறினாலும் மிரட்டல் மாறவில்லை. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புரந்தரதாசரின் கீர்த்தனை ஒன்றில், குழந்தைக் கண்ணனே கும்மாவைக் கூப்பிட வேண்டாம் என்று யசோதையிடம் கெஞ்சுகிறான். அத்தனை பழமையானது இவ்வழக்கம்!

இப்பொய் சொல்பவருக்கு வசதி, கேட்பவருக்கு நடுக்கம். சோறு நான்கு வாய் கூடுதலாக இறங்கலாம். ஆனால் இரவில் விளக்கை அணைத்தால் அலறுவது யார்? "போலீஸ்காரர் பிடித்துப் போவார்", "டாக்டர் ஊசி போடுவார்" என்பவை இன்னும் ஆபத்தானவை. பேருந்து நிலையத்துக் கூட்டத்தில் கைநழுவிய குழந்தை யாரிடம் ஓட வேண்டும்? காவலரிடம் அல்லவா? அவரைப் பார்த்தே ஒளிந்துகொள்ளும்படி நாமே கற்பித்துவிட்டால் என்ன ஆகும்? ஆகவே மிரட்டும் பொய்யை எப்போது விளக்குவது என்று காத்திருக்க வேண்டியதில்லை. இன்றே விளக்கிவிடலாம், சொல்லாமலே இருந்துவிட்டால் இன்னும் நல்லது.

துயரத்தை மறைக்கும் பொய்

மூன்றாவதுதான் கடினமானது. சென்ற ஆண்டு எங்கள் தாத்தா காலமானார். சில மாதங்களாகவே சிகிச்சைக்காக அடிக்கடி பெங்களூர் சென்று வந்தவர் அவர். என் தம்பிக்கு அப்போது நான்கு வயது. அடக்கத்தின்போது அவனைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம். திரும்பி வந்ததும், "தாத்தா எங்கே?" என்றான். அம்மா கண்களைத் துடைத்துக்கொண்டு, "பெங்களூர் போயிருக்காங்கடா" என்றார்கள். அந்த நேரத்தில் வேறு எந்தச் சொல் வரும்? நாங்களும் அதையே சொன்னோம்.

சில வாரங்கள் அவன் வாசற்படியில் உட்கார்ந்து காத்திருந்தான். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டான். மறந்துவிட்டான் என்று எண்ணினோம். ஒருநாள் அப்பா தொழிற்சாலை வேலையாகப் பெங்களூர் புறப்பட்டார். இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர், மாலையில் திரும்பிவிடலாம். தம்பி ஓடிவந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு, "பெங்களூர் வேண்டாம்! போனா வரமாட்டாங்க!" என்று கதறினான். அவன் எதையும் மறக்கவில்லை. பெங்களூர் என்பது போனவர்கள் திரும்பாத ஊர் என்று தனக்குள்ளேயே முடிவு செய்திருந்தான்.

இது ஏன் நிகழ்கிறது என்பதைப் பின்னர் படித்து அறிந்தேன். மரியா நாகி என்ற ஆய்வாளர் ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் பகுதியில் 3 முதல் 10 வயது வரையுள்ள 378 குழந்தைகளின் எண்ணங்களை ஆராய்ந்து 1948இல் வெளியிட்டார். ஐந்து வயதுக்குட்பட்டோர் பலர் சாவை ஒரு பயணமாகவோ உறக்கமாகவோ எண்ணுகிறார்கள். போனவர் வேறெங்கோ வாழ்கிறார் என்று நினைக்கிறார்கள். அது எல்லாருக்கும் வருவது, மீள முடியாதது என்ற தெளிவு ஒன்பது வயதளவில்தான் வருகிறது என்று கண்டார். அப்படியானால், "ஊருக்குப் போயிருக்கிறார்", "தூங்குகிறார்" என்ற நம் சொற்கள் குழந்தையின் குழப்பத்திற்கு நாமே போடும் முத்திரை ஆகின்றன. தூங்குகிறார் என்று கேட்ட குழந்தை தானும் தூங்க அஞ்சலாம்.

உண்மையை அவனுக்குச் சொல்ல வேண்டும் என்று முடிவாயிற்று. அம்மாவால் இயலவில்லை. "நீயே சொல்லு கண்ணு" என்றார்கள். எப்படிச் சொல்வது என்று எங்கள் பள்ளி அருட்சகோதரி ஒருவரிடம் கேட்டேன். "சின்னச் சொற்களில் சொல். 'கடவுள் எடுத்துக்கொண்டார்' என்று தொடங்காதே. அவன் கடவுளுக்குப் பயப்படுவான். தாத்தா இறந்தார் என்பதை முதலில் சொல், இறைவன் அவரைப் பார்த்துக்கொள்கிறார் என்பதைப் பிறகு சொல்" என்றார்கள்.

அவனை மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன்: "தாத்தா பெங்களூரில் இல்லை. தாத்தாவுக்கு நோய் ரொம்ப அதிகமாகி இறந்துட்டாங்க. அவங்க உடம்பு நின்னுபோச்சு. இனிமே வரமாட்டாங்க. முன்னாடி நாங்க தப்பாச் சொல்லிட்டோம்."

"பசிக்காதா?" என்றான்.

"பசிக்காது. வலிக்கவும் வலிக்காது."

"அப்பா பெங்களூர் போனா?"

"சாயங்காலம் வந்துடுவாங்க."

அவன் அழுதான், நானும் அழுதேன். மறுநாளும் அதே கேள்விகள், அதற்கடுத்த வாரமும் அவையே. ஒவ்வொரு முறையும் அதே விடையைச் சொன்னேன். நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று அவனையும் அழைத்துச் சென்றோம். தாத்தாவின் கல்லறையில் தன் கையாலேயே மெழுகுவர்த்தி ஏற்றினான். அதன்பின் அப்பா பெங்களூர் புறப்படும்போது அவன் காலைக் கட்டிக்கொள்வதில்லை. "சாயங்காலம் வந்துடுங்க" என்று மட்டும் சொல்கிறான்.

முடிவாக

தோழியரே, பெற்றோரே! சொல்லும் பொய் யாருக்காக என்று நம்மையே கேட்டுக்கொண்டால் போதும். குழந்தையின் மகிழ்ச்சிக்காக என்றால், அது கேட்கும்வரை காத்திருக்கலாம். கேட்டபின் மறைக்கக் கூடாது. நம் வசதிக்காக என்றால், அதைச் சொல்லவே வேண்டாம். நம் துயரத்தைத் தாங்க முடியாமல் சொன்னது என்றால், அதில் குற்றமென்று யாரையும் கடிய மாட்டேன். ஆனால் அதை நாளைக்கென்று தள்ளிப் போடாதீர்கள். நாம் சொல்லாமல் விட்டதைக் குழந்தை தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. அது உண்மையைவிட அச்சந்தருவதாக இருக்கும்.

என் தம்பிக்கு இப்போது ஐந்து வயது. நிலாவில் பாட்டி இருக்கிறாள் என்று இன்னும் நம்புகிறான். நான் திருத்தவில்லை. அவன் கேட்கட்டும், அன்றே சொல்வேன்.