கோம்பை நாய்க்கு மூட்டு வலி வந்தால்

கம்பம் பள்ளத்தாக்கில் மலையடிவாரத்து ஊர் கோம்பை. அந்த ஊர்ப் பெயரையே கொண்ட நாயைத் தேனிப் பக்கம் தெரியாதவர் குறைவு. செம்பழுப்பு உடம்பு, கருவாய், காட்டுப்பன்றியை எதிர்த்து நிற்கும் துணிச்சல். அந்த நாயும் எட்டு, ஒன்பது வயதில் காலையில் எழ முடியாமல் தவிக்கும். பின்னங்காலை இழுத்து நாலு எட்டு வைத்த பிறகுதான் நடை சீராகும். வாசற்படி ஏறத் தயங்கும். வலிக்கிற மூட்டையே நக்கிக்கொண்டிருக்கும். 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடுகிறோம். முனகாததால் வலியில்லை என்று ஆகிவிடாது.

எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு தேயத் தேய மூட்டு வீங்குகிறது. அங்கே வலியைத் தூண்டும் பொருள்களில் முக்கியமானது புரோஸ்டாகிளாண்டின். மெலாக்சிகாம், கார்புரோஃபென் போன்ற மருந்துகள் அது உருவாவதைத் தடுக்கின்றன. வலி குறையும், தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளராது. சங்கடம் என்னவென்றால், இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும் சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டத்தைப் பேணுவதும் இதே புரோஸ்டாகிளாண்டின்தான். அதனால்தான் மருந்தைத் தொடங்குமுன் ரத்தப் பரிசோதனை கேட்கிறார் மருத்துவர். அது வீண் செலவு அல்ல.

ஆபத்து பெரும்பாலும் மெடிக்கல் ஷாப்பில் தொடங்குகிறது. நமக்குக் கேட்கிற மாத்திரை நாய்க்கும் கேட்காதா என்று பாதி உடைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. 20 கிலோ நாய்க்கு மெலாக்சிகாம் வழக்கமாக முதல் நாள் 4 மில்லிகிராம், பிறகு தினம் 2. மனிதருக்கான மாத்திரை ஒன்றில் இருப்பதோ 7.5 அல்லது 15! இப்யூபுரூஃபென், டைக்ளோஃபெனாக் இன்னும் மோசம். நாயின் குடலில் புண் வரும், சிறுநீரகம் கெடும். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக்தான், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளை இந்தியாவில் பெருமளவில் அழித்தது. 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தபோது மாற்றாக வந்தது மெலாக்சிகாம்.

மாத்திரை தவிர, நாயின் மூட்டு வலிக்கு மாதம் ஒருமுறை போடும் பெடின்வெட்மாப் ஊசிக்கு அமெரிக்காவில் 2023இல் அனுமதி கிடைத்தது. வலியைக் கடத்தும் நரம்பு வளர்ச்சிப் புரதத்தையே அது கட்டிப்போடுகிறது. அதற்கும் பக்கவிளைவுகள் உண்டு.

எந்த மருந்தானாலும் நாயின் எடை குறைந்தால்தான் முழுப் பலன். மிஞ்சிய சோற்றையெல்லாம் அதன் தட்டில் கொட்டாதீர்கள். வலி மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுங்கள், ஸ்டீராய்டோடு சேர்க்காதீர்கள். வாந்தியோ கறுத்த மலமோ கண்டால் மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு, நாயைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.