ஊசித்துளைகள் சொல்லும் செருப்புக் கதை

மாணவர்களே, கேரி தீவின் கரையோரச் சேற்றில் வளரும் பாக்காவ் மரத்தின் பட்டையில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுதி. தமிழ்நாட்டில் தோல் பதனிட உதவிய ஆவாரம்பட்டையிலும் இதுவே உள்ளது. டானின், தோலிலுள்ள கொலாஜன் புரதத்தோடு பிணைந்து அதை எளிதில் அழுகாமல் காக்கிறது.

ரோமானியர்களும் மரப்பட்டையால்தான் தோல் பதனிட்டனர். வட இங்கிலாந்தின் விண்டோலாண்டா கோட்டையில் அவர்களுடைய காலணிகள் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. ஈரமண்ணில் ஆக்சிஜன் புகாததால், தோலை அரிக்கும் நுண்ணுயிரிகள் அங்கே பெருகவில்லை.

அவற்றை மீண்டும் எப்படிச் செய்கிறார்கள்? தைத்த நூல் பெரும்பாலும் மட்கியிருக்கும். ஊசித்துளைகள் மட்டும் மிஞ்சும். தோல் துண்டுகளை விரித்துக் காகிதத்தில் வரைந்து, எந்தத் துளை எதனோடு பொருந்துகிறது என்று பார்ப்பார்கள். தையலின் வழி தெரிந்துவிடும். பிறகு புதுத்தோலை அவ்வாறே வெட்டித் தைத்து, அடியில் இரும்பாணி அடிப்பார்கள். அணிந்து நடந்தபின் ஏற்படும் தேய்மானத்தைப் பழைய செருப்போடு ஒப்பிடலாம்.

ஆனால், மண் உலர்ந்தால் காற்று புகும், தோல் சிதையும். விண்டோலாண்டாவுக்கு அருகிலுள்ள மாக்னா கோட்டையில் பருவநிலை மாற்றத்தால் மண் உலர்வதை ஆய்வாளர்கள் கண்காணிக்கின்றனர். அங்கே 2025இல் 32 செ.மீ.க்கும் நீளமான காலணி கிடைத்தது.

கேரி தீவு அமைந்துள்ள கோலலங்காட் மாவட்டத்தில், கம்போங் சுங்கை லாங்கில் 1964இல் படகுப் பலகைமேல் வைக்கப்பட்ட இரு வெண்கல முரசுகள் கிடைத்தன. ஈரமண்ணில் பழம்பொருளைக் கண்டால் கழுவிக் காயவைக்காதீர்கள். அப்படியே விட்டு, தேசியப் பாரம்பரியத் துறைக்குத் தெரிவியுங்கள்.